இரண்டரை டன்னில் உடைந்த பீம்

"என் பீமுக்குள்ள வெச்ச கம்பியை உங்க ஆளு திருடிட்டானுங்க மேடம்."

சென்னியப்பன் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னார்.

பேராசிரியை கோகிலவாணி பேனாவை மூடி வைத்தார்.

"எந்த ஆளு?"

"லேப்ல வேற எந்த ஆளு இருக்கறான்? காளியண்ணன்தான்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்திருந்தா கையோட பிடிச்சிருப்பனுங்களே. கம்பியை அச்சுக்குள்ள வெச்சுட்டு நான் டீ குடிக்கப் போனேன். பத்து நிமிஷம். திரும்பி வந்து அவசரத்துல எண்ணாமக் காங்கிரீட்டைக் கொட்டி மூடிட்டேன். அந்தப் பத்து நிமிஷத்துலதான் உருவியிருக்கோணும்."



கோகிலவாணி மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு சுத்தியலும் ஒரு உளியும் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"உடைச்சு எண்ணிப் பாருங்க சார்."

சென்னியப்பன் சுத்தியலைப் பார்த்தார். ஆசிரியர்கள் பதில் சொல்லாமல் ஒரு பொருளை எடுத்து முன்னால் வைத்தால் அதில் ஏதோ பாடம் இருக்கும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அவருக்குப் பாடம் தோன்றவில்லை, சந்தேகம்தான் தோன்றியது.

சாட்சியை என் கையாலேயே உடைக்கச் சொல்கிறாளே, எதற்கு?

சுத்தியலைத் தொடாமல் வெளியே போனார்.

*

சென்னியப்பனுக்கு வயது நாற்பத்தாறு. அவருக்குப் பாடம் எடுத்த கோகிலவாணிக்கு முப்பத்தைந்து.

ஈரோட்டில் இருபத்திரண்டு வருடமாகக் கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறவர் சென்னியப்பன். எந்தத் தூணில் எத்தனை கம்பி, எந்த பீமில் எவ்வளவு கனம் என்று அவர் வரைந்து கொடுத்தால் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். மேல்படிப்புப் பட்டம் இருந்தால் இன்னும் பெரிய கட்டடங்களுக்குக் கையெழுத்துப் போடலாம் என்று, வார இறுதியில் வகுப்பு நடக்கும் இந்தக் கல்லூரியில் சேர்ந்திருந்தார்.

சந்தேகப்பட்டே பேர் எடுத்தவர். சிமெண்டு மூட்டையை அவரே எண்ணுவார். கம்பியை அவரே அளப்பார். மேஸ்திரி "ஆச்சுங்க" என்றால் ஏணியில் ஏறிப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். எதையும் கையால் செய்ததில்லை.

கோகிலவாணியின் ஆய்வகத்தில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு மாணவரும் தானே கம்பி கட்டி, தானே காங்கிரீட் கலந்து, ஐந்தடி நீளத்தில் ஒரு பீம் வார்க்க வேண்டும். இருபத்தெட்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்து, அப்புறம் இயந்திரத்தில் ஏற்றி அமுக்கி உடைக்க வேண்டும். உடைப்பதற்கு முன்னால், எத்தனை டன்னில் உடையும் என்று கணக்குப் போட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

சென்னியப்பன் எழுதிக் கொடுத்தது ஐந்தே கால் டன்.

பீம் இரண்டரை டன்னில் உடைந்தது.

சுற்றி நின்றவர்கள் எல்லாம் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுப் பிள்ளைகள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பரவாயில்லைங்க அங்கிள்" என்று ஒருவன் ஆறுதல் வேறு சொன்னான்.

சென்னியப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று மாலையே முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதுவதில் அவர் கெட்டிக்காரர். நாலே வரி.

"என் பீமைக் கெடுத்தவர் ஆய்வக உதவியாளர் காளியண்ணன். பாரம் தாங்க வேண்டிய கம்பியை அவர் அப்புறப்படுத்தியுள்ளார். இப்படிப்பட்டவர் கையில் வார்க்கப்படும் எதையும் நம்ப முடியாது. அவரை இனி ஆய்வகத்துக்குள் விடக் கூடாது."

கடிதம் கோகிலவாணி வழியாகத்தான் போக வேண்டும். அவர் படித்துப் பார்த்தார். ஓரத்தில் "விசாரணைக்கு அனுப்பப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை என்று முடிவானது.

காளியண்ணன் பதினேழு வருடமாகத் தற்காலிக ஊழியர். திருட்டு என்று எழுதிவிட்டால், சனிக்கிழமை அவருக்கு வாசல் திறக்காது.

*

செவ்வாய்க்கிழமை சென்னியப்பன் தன் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு ஆய்வகத்துக்கு வந்தார்.

"மேடம், உங்க மெஷின் மேல எனக்குச் சந்தேகமா இருக்குது."

"பாருங்க சார்."

கோயம்புத்தூரிலிருந்து ஒருவரை அழைத்து வந்திருந்தார். அவர் தன் கருவிகளை வைத்து இயந்திரத்தை அமுக்கிப் பார்த்தார். ஒரு டன், இரண்டு டன், ஐந்து டன். ஒவ்வொரு முறையும் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

"மெஷின் சுத்தமா இருக்குதுங்க" என்றார் வந்தவர்.

"நல்லாப் பாருங்க."

"மூணு தரம் பார்த்தாச்சுங்க."

கோகிலவாணி தன் மேசையிலிருந்தபடியே சொன்னார். "சுத்தியல் இங்கேயேதான் இருக்கு சார்."

சென்னியப்பனுக்கு அது குத்தலாகப் பட்டது.

*

புதன்கிழமை கம்பி மேல் சந்தேகம்.

கட்டியது போக மிஞ்சிய துண்டை இழுத்துப் பார்த்தார்கள். இழுத்துக்கொண்டே இருந்தார்கள். அது எளிதில் அறுவதாக இல்லை.

அடுத்து சிமெண்டு மேல் சந்தேகம். அதே கலவையில் வார்த்து வைத்திருந்த கட்டிகளை அமுக்கிப் பார்த்தார்கள். இருக்க வேண்டியதற்குமேல் உறுதியாகவே இருந்தன.

ஒவ்வொன்றும் நல்லது என்று தெரியத் தெரிய சென்னியப்பனுக்கு ஒரு திருப்தி. ஆக, மிச்சம் காளியண்ணன்தான்.

சாயங்காலம் வாசலில் ஒன்றைப் பார்த்தார். வாட்ச்மேன் காளியண்ணனை நிறுத்தி, சாப்பாட்டுப் பையைத் திறக்கச் சொன்னான். பதினேழு வருடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. காளியண்ணன் தூக்குப்போசியை எடுத்து மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பருக்கைகூட இல்லை. வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகச் சொன்னான்.

காளியண்ணன் சைக்கிளை உடனே மிதிக்கவில்லை. கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போனார்.

ஊருக்கே தெரிந்துவிட்டது, நல்லதுதான் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். நினைத்தாரே தவிர, அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

*

வியாழக்கிழமை காலை நேராக கோகிலவாணியிடம் போனார்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"நீங்களும் அவனும் சேர்ந்து எனக்குப் பாடம் கத்துக் குடுக்கறீங்களா? வயசான ஆளு, அனுபவம் இருக்குன்னு வந்து நிக்கறான், கொஞ்சம் மட்டம் தட்டுவோம்னு?"

கோகிலவாணிக்கு முகம் மாறியது. 

எழுந்து, சுத்தியலையும் உளியையும் எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. அதுக்குள்ள எண்ணிட்டா நல்லது."

"நாலு வெச்சேன். மூணு கம்பிதான் இருக்கும். இல்லைன்னா ரெண்டு."

"எண்ணிட்டுச் சொல்லுங்க."

"வீடியோ எடுத்து வெச்சுக்குவேன். அப்புறம் யாரும் மாத்திப் பேச முடியாது."

"எடுங்க."

*

உடைந்த பீம் இயந்திரத்தின் அடியிலேயே கிடந்தது. யாரும் அதைத் தொடக் கூடாது என்று சென்னியப்பன் சொல்லியிருந்தார்.

அதுதான் அவர் பீம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. தொட்டியிலிருந்து எடுத்ததும், விரிசல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று எல்லாரும் அடிக்கிற மாதிரி வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தார். யாரும் மாற்றி வைத்துவிடக் கூடாது என்று நாலு பக்கமும் கையெழுத்தும் போட்டிருந்தார்.

செல்போனை ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்து ஓட விட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் அடி உளியின் மேல் விழுந்தது. இரண்டாவது அடி கட்டைவிரலில் விழுந்தது.

காளியண்ணன் கதவருகே நின்றிருந்தார். பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பது சென்னியப்பன் போட்ட உத்தரவு.

அரை மணி நேரம் அடித்தார். ஒரு கை மண் அளவுக்குத்தான் உதிர்ந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது. வாழ்க்கை முழுக்க காகிதத்தில் அவர் கோடு போட்ட காங்கிரீட் இவ்வளவு கெட்டி என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"உளியைச் சாய்ச்சுப் புடிங்க" என்றார் காளியண்ணன்.

சென்னியப்பன் திரும்பி முறைத்தார்.

இவன் எதற்கு இதைச் சொல்கிறான்? கம்பியில் உளி பட்டுத் தடயம் போகட்டும் என்றா?

கொஞ்ச நேரம் பிடிவாதமாக நேராகவே அடித்தார். கை வலி தாங்கவில்லை. யாரும் பார்க்காத மாதிரி உளியைச் சாய்த்தார்.

ஒரு பெரிய சில்லு பெயர்ந்து வந்தது.



*

மத்தியானம் ஆனது. சென்னியப்பன் சாப்பிடப் போகவில்லை.

முதல் கம்பி தெரிந்தது. இரண்டாவது தெரிந்தது. இரண்டும் பெருவிரல் தடிமன். அவர் வாங்கிய அதே கம்பிகள். நடுவில் அவரே கட்டிய கட்டுக்கம்பி முறுக்குகூட அப்படியே இருந்தது.

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பீமின் அடிப்பக்கத்தை உடைத்தார். அங்கே மூன்றாவது கம்பி, சுண்டுவிரல் தடிமன். பக்கத்தில் நான்காவது. விரிசல் வாய் பிளந்திருந்த இடத்தில் இரண்டும் இழுபட்டு மெலிந்திருந்தன.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

மறுபடி எண்ணினார். நாலுதான். கட்டியதும் நாலு, இருப்பதும் நாலு.

பிறகுதான் பார்த்தார்.

தடித்த கம்பிகள் மேலே இருந்தன. மெல்லிசுக் கம்பிகள் கீழே இருந்தன.

மேலே இருந்து அமுக்கினால் பீம் கீழ்ப்பக்கம்தான் இழுபடும். இழுப்பைத் தாங்கத்தான் தடித்த கம்பியைக் கீழே வைப்பது. மேலே இருக்கும் மெல்லிசு சும்மா கட்டிப் பிடிக்க மட்டும். பள்ளிக்கூடத்துப் பையனுக்குக்கூடச் சொன்னால் புரியும். இருபத்திரண்டு வருடமாக அவர் வரையாத நாளில்லை.

பீம் தலைகீழாக இயந்திரத்தில் ஏறியிருக்கிறது.

சென்னியப்பனின் மனம் பழக்கம் மாறாமல் ஓடியது. எவனோ புரட்டி வைத்துவிட்டான்! யார் அது?

அந்தக் கேள்வி கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிட்டது.

ஆய்வக ஆள் யாரும் தொடக் கூடாது என்று, தன் அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்து தூக்கியவர் அவர். இயந்திரத்தில் தன் கையால் ஏற்றியவரும் அவர். நாலு பக்கமும் கையெழுத்துப் போட்டிருந்தார், எது மேல்பக்கம் என்று ஒரு பக்கத்திலும் எழுதவில்லை.

கையை நீட்டிச் செல்போனை அணைத்தார்.

*

"ஏப்பா காளியண்ணா."

"சொல்லுங்க."

"இங்க வா."

காளியண்ணன் பத்தடி தூரத்தைப் பார்த்துவிட்டு, தயங்கித்தான் வந்தார். உடைந்த பீமை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

சென்னியப்பனுக்கு அது உடனே உறைத்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு ஸ்டோர் ரூம் கதவுகிட்ட மூச்சு வாங்க இறக்கி வெச்சீங்க. மறுபடி தூக்கறப்ப உருண்டு போச்சுங்க. அப்படியே கொண்டுபோய் ஏத்திட்டீங்க."

"மேல்பக்கம் அடையாளம் தெரிய ஒரு குறி போட மாட்டீங்களா இந்த லேப்ல?"

"போட்டனுங்க. காங்கிரீட் ஈரமா இருக்கறப்பவே ஆணியால ஒரு பெருக்கல் குறி கீறுவேன். எல்லார் பீமுக்கும் கீறறதுதான். உங்களதுலயும் கீறினேன். நீங்கதான், 'என்ன களவாணிக் குறி போடறே'ன்னு கேட்டுட்டு, பூச்சுக் கரண்டியை வாங்கித் தேய்ச்சு அழிச்சுட்டீங்க."

சென்னியப்பனுக்கு நினைவு வந்தது. தேய்த்தது மட்டும் இல்லை. சிமெண்டுப் பாலை ஊற்றிக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கியும் விட்டார். அன்றைக்கு அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

"உருண்டபோது சொல்லியிருக்கலாமே!"

"வாயைத் திறந்தனுங்க. 'நீ மூடிட்டு நில்லு'ன்னீங்க."

"அப்புறமாவது? கடுதாசி போனப்புறமாவது?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

 நம்பியிருப்பேன் என்று சொல்லச் சென்னியப்பனுக்கு வாய் வந்தது. பொய் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது.

"மேடம்கிட்ட சொன்னியா?"

"அவங்க கேக்கலீங்க" என்றார் காளியண்ணன்.

இதை மட்டும் அவர் சென்னியப்பனைப் பார்க்காமல் சொன்னார்.

*

காளியண்ணன் போன பிறகு சென்னியப்பன் ஒரு கோணிச் சாக்கை எடுத்து உடைந்த பீமின் மேல் போட்டார்.

எதற்குப் போட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை. தெரிந்தபோது அவமானமாக இருந்தது.

வீடியோ தன் போனில்தான் இருக்கிறது. காளியண்ணன் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? தானே நம்பியிருக்க மாட்டோம் என்று இப்போதுதானே ஒப்புக்கொண்டோம். நாளைக்கு விசாரணையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஊரில் பேர் போகாது.

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேரை இப்படி நினைப்பார்கள் என்று சந்தேகப்பட்டிருக்கிறார். அதே நினைப்பு தனக்குள் இவ்வளவு சுலபமாக வந்து உட்காரும் என்று எதிர்பார்க்கவில்லை.

சாக்கை எடுத்துத் தூரப் போட்டார். நேராக கோகிலவாணியின் அறைக்குப் போனார்.

"நாலு கம்பியும் இருக்குதுங்க மேடம்."

கோகிலவாணி எழுந்து நின்றார்.

"நாலுமா?"

"நாலும். பீமைத் தலைகீழா ஏத்தினது நான்தான்."

கோகிலவாணி மெல்ல உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சென்னியப்பன் கொப்புளம் உடைந்த கையோடு சுத்தியலை மேசையில் வைத்தார்.

"முதல் நாளே இதைக் குடுத்தீங்க. நான்தான் புரிஞ்சுக்கலை. என்னையே நான் சந்தேகப்படோணும்னு சொல்லாமச் சொல்லியிருக்கீங்க. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது."

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"என்னங்க?"

"நான் பாடம் எதுவும் சொல்லலை. எனக்கும் அவர் மேல சந்தேகம்தான்."

சென்னியப்பன் திகைத்துப் போனார்.

"எண்ணிப் பார்த்தா தெரிஞ்சிடும்னு எனக்கும் தோணுச்சு. நானே உடைச்சிருக்கலாம். மூணு கம்பிதான் இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு. அதான் உங்க கையில குடுத்தேன்."

"பத்து வருஷமா உங்களுக்கு அவரைத் தெரியுமே மேடம்."

"தெரியும். உங்களை நாலு மாசமாத்தான் தெரியும். ஆனா உங்க குரல்தான் பெருசாக் கேட்டுச்சு."

சுத்தியலை எடுத்து இழுப்பறையில் வைத்து மூடினார்.

"ஒரு வார்த்தை நான் அவரைக் கேட்டிருக்கணும்" என்றார் கோகிலவாணி. "இந்த நாலு நாளா அவர் வணக்கம் சொன்னா நான் நோட்டைப் பார்த்துக்கிட்டே தலையாட்டினேன்."

*

வெள்ளிக்கிழமை பதினோரு மணி.

முதல்வர் அறையில் மேசை மேல் அந்தக் கடிதம் இருந்தது. காளியண்ணன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை.

முதல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சொல்லுங்க மிஸ்டர் சென்னியப்பன். திருட்டுக்கு என்ன ஆதாரம்?"

"திருட்டு இல்லீங்க சார். கம்பி எல்லாம் சரியா இருக்குது. ஏதோ ஒரு தப்பு நடந்துபோச்சு."

"யாரு தப்பு?"

 நேற்று ஒரு ஆளிடம் சொல்வது சென்னியப்பனுக்குச் சுலபமாக இருந்தது.

"அதெல்லாம் பேசித் தீர்த்துக்கிட்டோமுங்க. கடுதாசியைத் திரும்ப வாங்கிக்கறேன்."

முதல்வருக்கு நிம்மதி. வெள்ளிக்கிழமை அதுவுமாக விசாரணை நடத்த அவருக்கும் ஆசையில்லை.

"அப்ப கிழிச்சுப் போட்டுடுங்க. விஷயம் முடிஞ்சுது. போங்க காளியண்ணன், வேலையைப் பாருங்க."

காளியண்ணன் நகரவில்லை. அந்தக் காகிதத்தையே பார்த்தார். வாட்ச்மேன் அதைப் படித்ததில்லை. கல்லூரிக் கேண்டீன்காரர் படித்ததில்லை. கிழித்தாலும் அவர் திருடர் இல்லை என்று அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

சென்னியப்பன் கடிதத்தை எடுத்து இரண்டு கையாலும் பிடித்தார்.

"கிழிக்காதீங்க" என்றார் கோகிலவாணி.

"ஏனுங்க மேடம்?"

"எங்க லேப்ல ரீடிங் தப்பா எழுதிட்டா தாளைக் கிழிக்க விடமாட்டோம். அழிக்கவும் விடமாட்டோம். ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கணும். அடிச்சது என்னன்னு படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"அதெல்லாம் மாணவர்களோட நோட்டுக்குத்தானே" என்றார் முதல்வர்.

"இவரும் என் மாணவர்தான் சார்."

கோகிலவாணி கடிதத்தை வாங்கி மேசையில் வைத்தார். பேனாவைத் திறந்தார்.

ஓரத்தில் தான் எழுதியிருந்த "விசாரணைக்கு அனுப்பப்படுகிறது" என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். அதன் பக்கத்தில் "ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல் அனுப்பினேன்" என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

எழுதி முடித்துவிட்டுக் காளியண்ணனை நிமிர்ந்து பார்த்தார். நாலு நாளுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறார். கண் கலங்கியிருந்தது, அதை அவர் மறைக்கவில்லை.

பிறகு பேனாவைச் சென்னியப்பன் பக்கம் நகர்த்தினார்.

சென்னியப்பன் பேனாவை எடுத்தார். ஆயிரம் வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட கை. கொப்புளத்தில் பேனா பட்டு எரிந்தது.

முதல் வரியைப் படித்தார். "என் பீமைக் கெடுத்தவர் ஆய்வக உதவியாளர் காளியண்ணன்."

"ஆய்வக உதவியாளர் காளியண்ணன்" என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே எழுதினார்: "மாணவர் சென்னியப்பன்."

இரண்டாவது வரி கம்பியை அப்புறப்படுத்தியதைப் பற்றியது. அதை அடித்து, "பீமைத் தலைகீழாக ஏற்றினார்" என்று எழுதினார்.

மூன்றாவது வரி, "இப்படிப்பட்டவர் கையில் வார்க்கப்படும் எதையும் நம்ப முடியாது." அதை வெகு நேரம் பார்த்தார். இப்போது அது யாரைச் சொல்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. அதில் அவர் கை வைக்கவில்லை.

கடைசி வரிக்கு வந்தார்.

"அவரை இனி ஆய்வகத்துக்குள் விடக் கூடாது."

பேனா நின்றுவிட்டது. இப்போது அந்த வரியிலும் இருப்பது அவர்தான். கோகிலவாணியைப் பார்த்தார்.

"மேடம், இதை அடிக்கலாமுங்களா?"

"என்னைக் கேக்காதீங்க."

சென்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார். காளியண்ணன் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க காளியண்ணே. இங்க என்ன எழுதோணும்?"

காளியண்ணன் மேசைக்குப் பக்கத்தில் வந்தார். கடிதத்தை முதலிலிருந்து விரல் வைத்து மெதுவாகப் படித்தார். அடித்திருந்த தன் பெயரையும் படித்தார், அதற்கு மேலே இருந்த பெயரையும் படித்தார்.

"திங்கக்கெழமை ஒம்பது மணிக்கு வரோணும்னு எழுதுங்க" என்றார். "அடுத்த பீம் வார்க்க அச்சுக்கு எண்ணெய் தடவறதுக்கு ஆளில்லை."